சுளுக்கன்று, சில்லு விலகல்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்தெடுப்போர் கால்கள் சமநிலத்தைக் காண்பது அரிது. 1929இல் ஜே. ஏ. ரசல் என்பார் போ தோட்டத்தைத் தொடங்கிய காலந்தொட்டுத் தமிழர் பலர் அச்சரிவுகளில் ஏறியிறங்கி உழைத்தனர். இன்று அங்கே பிறநாட்டுத் தொழிலாளர் மிகுந்துள்ளனர். சரிவில் இறங்குங்கால் முழங்கால் சற்றே மடிந்தபடி உடற்பாரத்தைத் தாங்குகிறது. செடிகளுக்கிடையே ஊன்றிய பாதம் நகராதிருக்க, உடல் மட்டும் திரும்புவதும் உண்டு. முழங்காற்சில்லு இடம்பெயர்வதற்கு ஏற்ற நிலை இதுவே. பந்தாடும் மாணவரும் இந்நிலைக்கு உள்ளாவர். சில்லு விலகல் மிகுதியாகக் காணப்படுவது 10 முதல் 20 வயதுக்குட்பட்ட இளையோரிடமே.

சிறுமியர் கட்டத்தில் எறிந்து விளையாடும் ஓட்டுச்சில்லை எண்ணி இப்பெயரிட்டனர் போலும், வடிவம் பொருந்துகிறது. தொடையின் முன்தசை நாணில் பதிந்துள்ள இவ்வெலும்பு, தொடையெலும்பின் கீழ்முனைப் பள்ளத்தில், கப்பியில் கயிறு ஓடுவதுபோல் ஏறியிறங்குகிறது. அப்பள்ளத்துக்கு மேனாட்டு மருத்துவர் வழங்கும் இலத்தீன் பெயருக்கும் கப்பி என்பதே பொருள். கால் நன்கு மடிந்தபின் பள்ளமே சில்லைக் காக்கும். மடிப்பு 20, 30 பாகைக்குள் இருக்கும்போதோ உட்புறப் பிணைநார் ஒன்றே பெருங்காவல். அது கிழிந்தால் சில்லு வெளிப்புறமாக நழுவும்.

காலை நீட்டியதும் பெரும்பாலும் சில்லு தானே மீண்டுவிடுகிறது. எஞ்சுவன வீக்கமும் வலியுமே. ஆகவே நம்மவர் அதனைச் சுளுக்கெனக் கருதித் தைலமிட்டு உருவுகின்றனர். குருத்தெலும்புத் துண்டொன்று பெயர்ந்து மூட்டுக்குள் கிடக்குமாயின் அவ்வுருவல் கேடே பயக்கும்.

மூட்டே முன்னும் பின்னும் ஆடுகின்ற குறுக்குப் பிணைநார் முறிவு வேறொரு நோய். அதனை இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் 1895இல் தைத்துச் சீராக்கினார். ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டதும் அவ்வாண்டின் இறுதியிலேதான்!

இன்றோ கத்திக்கு முன் படம் வருகிறது. எக்ஸ் கதிர்ப் படம் எலும்பு முறிவையும் சில்லு நிற்கும் உயரத்தையும் காட்டும். மிக உயர நிற்கும் சில்லு, கால் மடங்கும்போது பள்ளத்துள் தாமதித்தே புகும். கிழிந்த பிணைநாரையும் பெயர்ந்த குருத்தெலும்பையும் காண எம். ஆர். ஐ. எனப்படும் காந்தப் படம் வேண்டும். அதற்கென மலையிலிருந்து ஈப்போவுக்கு இறங்க நேரினும் தயங்கலாகாது. சில்லின் நாண் பற்றியிருக்கும் கீழ்க்கால் எலும்புமேடு, பள்ளத்தின் நடுவிலிருந்து எவ்வளவு வெளிப்புறம் தள்ளியிருக்கிறது என்பதும் படத்தில் அளக்கப்படும். 20 மில்லிமீட்டருக்கு மிகுந்தால் நாண் சில்லை வெளியே இழுக்கிறது என்று கொள்வர்.

முதன்முறை நழுவிய அனைவருக்கும் அறுவை வேண்டியதில்லை. துண்டு பெயராதிருப்பின் சிலகாலம் காப்புப்பட்டையும், தொடைத்தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் பலருக்குப் போதும். மீண்டும் மீண்டும் நழுவினால், தொடையின் பின்புறத் தசைநாண் ஒன்றை எடுத்து உட்புறப் பிணைநாரைப் புதிதாக அமைப்பர். எலும்புமேடு விலகியிருந்தால் அதனை வெட்டி உட்புறம் நகர்த்தித் திருகாணியால் பொருத்துவர். சில்லு உயர்ந்திருந்தால் கீழே இறக்குவர். ஆழமற்ற பள்ளத்தைக் குடைந்து சீராக்குவதும் உண்டு. அது சிலர்க்கே ஏற்றது. அளவு பாராமல் பிணைநாரை மட்டும் மாற்றினால், எலும்புமேட்டின் இழுப்பு அப்புது நாரையும் தளர்த்திவிடக்கூடும்.

வளரும் சிறுவரிடம் மருத்துவர் இன்னும் எச்சரிக்கையாக இருப்பர். எலும்புமேட்டருகே வளர்ச்சித்தட்டு மூடாதிருப்பதால் அங்கே வெட்டினால் கால் கோணி வளரலாம். எனவே வளர்ச்சி முடியும்வரை அம்மேட்டைத் தொடாது, பிணைநாரை மட்டுமே செப்பனிடுகின்றனர்.