மரநிழலும் மனத்தெளிவும்

பரீட்சை நெருங்கிய நாட்களில் ஒரே பக்கத்தை நான்கு முறை படித்தும் ஒரு வரிதானும் மனத்திற் பதியாது போன அனுபவம் நம் கல்லூரியிற் கற்றார் பலர்க்கும் உண்டு. அவ்வேளையிற் புத்தகத்தை மூடிவிட்டு விறாந்தைக்கு வந்து, காற்றில் அசையும் வேப்பங்கிளைகளைச் சிறிது நேரம் வெறுமனே பார்த்து நின்றோம். மீண்டுஞ் சென்று அமர்ந்தபோது, விளங்காதிருந்த பொருள் விளங்கத் தொடங்கிற்று. அன்று அதனைச் சோம்பல் என்றெண்ணி நாணினோம். அது சோம்பலன்று, மனம் தன் வலுவை மீட்டுக்கொள்ளும் வழி என்று இக்கால உளநூலார் கூறுகின்றனர். அவர்தம் கருத்தை விளக்குதலும், அதனால் நமக்கு வந்தெய்துங் கடமையொன்றைச் சுட்டுதலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மனிதனுடைய கவனம் இருவகைப்படும் என்பதை அமெரிக்க அறிஞர் வில்லியம் யேம்ஸ் 1890ஆம் ஆண்டில் வெளியிட்ட உளநூற் பெருநூலில் எடுத்துக்காட்டினார். ஒன்று நாம் முயன்று செலுத்துங் கவனம். மற்றையது தானாகவே செல்லுங் கவனம். கணக்கொன்றைச் செய்யும்போது முதலாவது வேண்டப்படுகின்றது. வானத்திற் பறவைக் கூட்டம் செல்லக் கண்டு நிமிரும்போது இரண்டாவது தொழிற்படுகின்றது. முயன்று கவனிப்பவன் தன் பாடத்தை நோக்குவதோடு, பக்கத்துப் பேச்சு, வீதியின் இரைச்சல், வீட்டுக் கவலை ஆகியவற்றையும் இடைவிடாது விலக்கிக்கொண்டிருத்தல் வேண்டும். இவ்வாறு விலக்குதல் ஓர் உழைப்பு. ஆதலால் அது களைப்பைத் தருகின்றது. களைத்தவன் பிழை விடுகின்றான். சிறு காரியத்துக்குஞ் சினங்கொள்கின்றான்.

இக்களைப்பு நீங்குமாற்றை ஆராய்ந்தவர்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்களான றேச்சல் கப்லன், ஸ்ரீவன் கப்லன் என்னும் தம்பதியர். 1989இல் வெளிவந்த தம் நூலில் அவர்கள் கூறியதன் சாரம் இது: முயற்சிக் கவனம் ஓய்வு பெறவேண்டுமாயின், தானாகச் செல்லுங் கவனம் அதன் இடத்தை ஏற்றல் வேண்டும். கடைத்தெருவும் நம் கவனத்தை இழுக்கின்றதன்றோ என வினவலாம். இழுக்கின்றது, ஆயின் அங்கே வாகனத்துக்கு விலகவும், அழைப்போர்க்கு விடையிறுக்கவும் வேண்டியுள்ளது. கைத்தொலைபேசியும் அத்தகையதே, அது காட்டும் ஒவ்வொன்றும் நம்மிடம் ஏதேனும் ஒன்றைக் கேட்கின்றது. அசையும் இலையும், நகரும் முகிலும், கரையைத் தொட்டு மீளும் அலையும் நம்மைக் கவர்கின்றன. ஆயினும் எதனையும் கேட்பதில்லை. மென்மையான இக்கவர்ச்சியினூடே சிந்தனைக்கும் இடம் எஞ்சி நிற்கின்றது.

இக்கருத்தைச் சோதனைகள் சிலவும் ஆதரிக்கின்றன. 2008இல் வெளியான ஆய்வொன்றில், மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆபர் நகரில் மாணவர்க்கு முதலிற் களைப்பூட்டும் வேலை கொடுத்து, பின்னர் ஒரு நாள் மரத்தோட்டத்திலும் வேறொரு நாள் நகர வீதியிலும் நடக்கச் செய்தனர். கேட்ட எண்களைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லுஞ் சோதனையில், மரத்தோட்டத்தில் நடந்து வந்தபோது அவர்கள் தெளிவான முன்னேற்றங் காட்டினர். கடுங்குளிரில் நடந்து, அந்நடையை அத்துணை விரும்பாதவர்களும் அப்பயனைப் பெற்றமை கருதத்தக்கது.

உடலுக்கும் இதிற் பயனுண்டு. பென்சில்வேனியாவில் ஒரு வைத்தியசாலையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பைச் சத்திரசிகிச்சை பெற்ற 46 நோயாளரின் பதிவேடுகளை றொஜர் உல்றிக் ஆராய்ந்து 1984இல் முடிவை வெளியிட்டார். யன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற் சுவரைக் கண்டவர்களிலும் விரைவில் வீடு திரும்பினர்; வலிநீக்கும் வலிய மருந்துகளையுங் குறைவாகவே வேண்டினர்.

கல்விக்கூடங்களுக்கு மிக நெருங்கிய ஆய்வு 2016இல் வெளிவந்தது. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் ஐந்து பாடசாலைகளைச் சேர்ந்த 94 மாணவரை மூவகை அறைகளில் இருத்தினர். ஓரறைக்கு யன்னல் இல்லை; ஓரறையின் யன்னல் கட்டடத்தை நோக்கியது; மற்றையது மரங்களை நோக்கியது. வேலை செய்துகொண்டிருந்த வேளையில் மூன்று கூட்டத்தாரின் கவனத்துக்கும் வேறுபாடு தோன்றவில்லை. பத்து நிமிட இடைவேளை கொடுத்த பின்னரே, மரங்களைக் கண்டிருந்தோரின் கவனம் மற்றையோரினும் மேம்பட்டது. மரமும் வேண்டும், அதனைப் பார்த்திருக்க இடைவேளையும் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இவற்றை மிகைப்படுத்துதலுந் தகாது. இவை சிறு கூட்டத்தாரிடை நிகழ்ந்த சோதனைகள். மரத்தைப் பார்த்திருப்பதாற் பரீட்சையிற் சித்தியடைதல் இயலாது. செலவிட்ட ஆற்றலை மீட்கலாமேயன்றி, செய்யாத முயற்சிக்கு அது ஈடாகாது. மனநோயுற்றார்க்கு வைத்தியர் வேண்டும். சோலை மட்டும் போதாது.

இனி நம் கடமையைக் கூறுவோம். விழா ஆண்டுகளிற் புதிய கட்டடங்கள் எழுதல் இயல்பு, அவை வேண்டியனவுமாம். ஆயின் இடந்தேடும்போது மரம் நிற்குமிடமே வெற்றிடமாக நம் கண்ணுக்குத் தோன்றிவிடுகின்றது. ஆய்வுகூடத்தைக் கல்விச் சாதனமென்று மதிக்கும் நாம், மரத்தை அங்ஙனம் மதிப்பதில்லை. இன்றைய மாணவரிற் பலர் பாடசாலை விட்டதும் தனியார் வகுப்புக்கு விரைந்து, இருளில் வீடு திரும்புகின்றனர். அத்தகையோர்க்குக் கல்லூரி வளவிலன்றி வேறெங்கே மரத்தை ஆறியிருந்து பார்க்க முடியும்?

ஆதலால் பழைய மாணவராகிய நாம் கட்டட நிதிக்குப் பொருளுதவும்போது சிலவற்றையும் வேண்டுவோமாக. வரைபடத்தில் நிற்கும் மரங்களை முதலிற் குறித்து, அதன் பின் கட்டடத்துக்கு இடம் வகுத்தல் நன்று. வகுப்பறை யன்னல்கள் மரங்களை நோக்கித் திறக்கட்டும். இடைவேளை இடைவேளையாகவே இருக்கட்டும். மேலதிக வகுப்பு அதனை விழுங்கவேண்டா. மாடிக் கட்டடத்தை இரண்டாண்டில் எழுப்பலாம். நிழல் பரப்பும் வேம்புக்கு ஒரு தலைமுறை செல்லும். நமக்கு நிழல் தந்த மரங்களை நாம் நட்டோமல்லேம். நமக்கு முன் வந்தோர் நட்டுக் காத்தனர். பின் வருவோர்க்காக அவற்றைக் காத்தல் நமக்குரிய பங்காகும்.