மேனேஜ்டு கேர் மருத்துவக் காப்பீடு

மேனேஜ்டு கேர் என்பது ஐக்கிய அமெரிக்காவில் பரவலாக உள்ள மருத்துவக் காப்பீட்டு முறையாகும். நெறிப்படுத்தப்பட்ட மருத்துவக் கவனிப்பு என்று இதைத் தமிழில் கூறலாம். பழைய முறைக் காப்பீட்டில் நோயாளி தான் விரும்பிய மருத்துவரிடம் செல்வார். பில் தொகையைக் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும். மேனேஜ்டு கேர் முறையில் நிறுவனம் பணம் கொடுப்பதோடு நின்றுவிடுவதில்லை. எந்த மருத்துவர், எந்த மருத்துவமனை, எந்தச் சிகிச்சை, என்ன விலை என்பவற்றையும் முன்கூட்டியே வரையறுத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் ஊழியர்களுக்கு வேலை வழியாகக் கிடைக்கும் காப்பீடுகளில் பெரும்பாலானவை இன்று இவ்வகையைச் சேர்ந்தவையே. படிப்புக்காகவோ வேலைக்காகவோ அங்கு செல்லும் தமிழர்களின் கையில் தரப்படும் காப்பீட்டு அட்டையும் பெரும்பாலும் இதுதான்.

தோற்றம்

1933 இல் கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், கொலராடோ ஆற்று நீரை லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் கொண்டுசெல்லும் கால்வாய் வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே சிட்னி கார்ஃபீல்டு என்ற இளம் மருத்துவர் தொழிலாளர்களுக்காக ஒரு சிறு மருத்துவமனை கட்டினார். சிகிச்சைக்குப் பின் பில் அனுப்பினால் பணம் வரத் தாமதமானது. சில வேளை வராமலே போனது. மருத்துவமனை மூடும் நிலைக்கு வந்தபோது புதிய ஏற்பாடு ஒன்று செய்யப்பட்டது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் நாளொன்றுக்கு 5 சென்ட் வீதம் காப்பீட்டு நிறுவனமே முன்பணமாகத் தந்துவிடும். வேலையில் காயம்பட்டு எத்தனை பேர் வந்தாலும் மருத்துவர் பார்த்துக்கொள்ள வேண்டும். மேலும் 5 சென்ட் தரும் தொழிலாளிக்கு மற்ற நோய்களுக்கும் சிகிச்சை உண்டு.

இதனால் கணக்கே தலைகீழானது. அடிபட்டு வந்தால்தான் வருமானம் என்ற நிலை போய், அடிபடாமல் இருந்தால்தான் மிச்சம் என்றாயிற்று. வேலையிடங்களில் பலகைகளிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஆணிகளைக் கார்ஃபீல்டு அடித்து இறக்கத் தொடங்கினார் என்று சொல்வார்கள். இந்த ஏற்பாடே பின்னர் தொழிலதிபர் ஹென்றி கைசரின் ஆதரவுடன் வளர்ந்து, 1945 இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டு, கைசர் பெர்மனென்டே என்ற பெரிய அமைப்பாயிற்று. 1973 இல் குடியரசுத் தலைவர் நிக்சன் கையெழுத்திட்ட எச்.எம்.ஓ. சட்டம் இத்தகைய அமைப்புகளுக்கு அரசு உதவி அளித்து நாடெங்கும் பரவச் செய்தது.

செயல்படும் விதம்

காப்பீட்டு நிறுவனம் சில மருத்துவர்களுடனும் மருத்துவமனைகளுடனும் விலை பேசி ஒப்பந்தம் செய்துகொள்கிறது. இவர்களின் தொகுதியே நெட்வொர்க். நோயாளிகளை மொத்தமாக அனுப்புவதற்கு ஈடாக மருத்துவமனை விலையைக் குறைக்கிறது. எனவே நெட்வொர்க்குக்குள் இருப்பவரா என்று பார்ப்பதே உறுப்பினரின் முதல் வேலை. மருத்துவமனை நெட்வொர்க்கில் இருந்தால் அங்குள்ள மருத்துவர்கள் எல்லோரும் அதில் இருப்பார்கள் என்று எண்ணிவிடக் கூடாது.

இதில் மிகக் கட்டுப்பாடானது எச்.எம்.ஓ. திட்டம். உறுப்பினர் தமக்கென ஒரு முதன்மை மருத்துவரைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இதய மருத்துவரையோ எலும்பு மருத்துவரையோ பார்க்க வேண்டுமானால் அவரது பரிந்துரை பெரும்பாலும் தேவைப்படும். அவசரச் சிகிச்சை தவிர, வெளியே பார்த்த செலவுக்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது. பி.பி.ஓ. திட்டத்தில் பரிந்துரை வேண்டியதில்லை; வெளியேயும் போகலாம், ஆனால் செலவு கூடும், பிரீமியமும் அதிகம். பி.ஓ.எஸ்., ஈ.பி.ஓ. என்பவை இவ்விரண்டின் கலப்புகள்.

உறுப்பினர் தரும் பணம் பிரீமியத்தோடு முடிவதில்லை. ஆண்டுதோறும் முதலில் தம் கையிலிருந்து செலவிட வேண்டிய தொகை டிடக்டிபிள். அதன் பிறகு வரும் செலவில் அவர் ஏற்க வேண்டிய விழுக்காடு கோ-இன்சூரன்ஸ். ஒவ்வொரு முறை மருத்துவரைப் பார்க்கும்போதும் கட்டும் நிலையான சிறு தொகை கோ-பே. இவையெல்லாம் சேர்ந்து ஓர் ஆண்டில் தாண்டக் கூடாத எல்லையும் உண்டு.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். டிடக்டிபிள் 1,000 டாலர், கோ-இன்சூரன்ஸ் 20 விழுக்காடு, ஆண்டு எல்லை 4,000 டாலர் என்று கொள்வோம். அறுவைச் சிகிச்சைக்கு மருத்துவமனை போட்ட பில் 30,000 டாலர்; ஒப்பந்த விலை 18,000 டாலர். முதல் 1,000 நோயாளியுடையது. மீதி 17,000 இல் 20 விழுக்காடு 3,400. கூட்டினால் 4,400 வருகிறது. ஆனால் எல்லை 4,000 என்பதால் அவ்வளவு கொடுத்தால் போதும். நிறுவனம் 14,000 கொடுக்கும். எஞ்சிய 12,000 டாலரை யாரும் கொடுப்பதில்லை. அதே சிகிச்சையை எச்.எம்.ஓ. உறுப்பினர் ஒருவர் தாமாகவே வெளி மருத்துவமனையில் செய்துகொண்டால் 30,000 டாலரும் அவர் தலையில் விழக்கூடும்.

முன் அனுமதியும் அதன் மறுபக்கமும்

விலையுயர்ந்த ஸ்கேன், அறுவைச் சிகிச்சை, சில மருந்துகள் ஆகியவற்றுக்கு நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். மருத்துவர் எழுதிக்கொடுத்தாலும் அனுமதி இல்லையேல் பணம் மறுக்கப்படலாம். தேவையற்ற சிகிச்சையைத் தடுக்கவே இது என்பது நிறுவனங்களின் விளக்கம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. செய்யும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பணம் கிடைத்தால் அதிகமாகச் செய்யத் தோன்றும். ஆனால் தலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பணம் கிடைத்தால் குறைவாகச் செய்யத் தோன்றும் என்பதும் அதே அளவு உண்மை. ஆணியை அடித்து இறக்கத் தூண்டிய அதே கணக்கு, ஸ்கேனைத் தள்ளிப்போடவும் தூண்டும்.

2000 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு ஒன்று இதைக் காட்டுகிறது. இலினாய் மாநிலத்துப் பெண் ஒருவருக்கு வயிற்றில் வீக்கம் இருப்பதை எச்.எம்.ஓ. மருத்துவர் கண்டறிந்தார். ஆனால் அருகிலிருந்த மருத்துவமனையில் உடனே ஸ்கேன் எடுக்கச் சொல்லவில்லை. 50 மைலுக்கு அப்பால் இருந்த தங்கள் அமைப்பின் நிலையத்தில் எடுப்பதற்காக எட்டு நாள் காத்திருக்கச் சொன்னார். அதற்குள் குடல்வால் வெடித்துவிட்டது. மருத்துவக் கவனக்குறைவுக்காக அவருக்கு 35,000 டாலர் இழப்பீடு கிடைத்தது. ஆனால், செலவைக் குறைத்தால் மருத்துவர்களுக்கே லாபம் என்னும் ஏற்பாடு ஊழியர் நலச் சட்டத்தின்படி நம்பிக்கைக் கடமையை மீறுவதாகும் என்ற அவரது வாதத்தை நீதிபதிகள் ஒருமனதாக ஏற்கவில்லை. சிகிச்சையை அளந்து கொடுப்பதற்கான தூண்டுதல் ஏதும் இல்லாமல் எந்த எச்.எம்.ஓ. அமைப்பும் நிலைக்க முடியாது என்றும், அதை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்றும் கூறினர்.

உறுப்பினரின் உரிமைகள்

2010 ஆம் ஆண்டின் மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பின், தடுப்பூசி போன்ற நோய்த்தடுப்புச் சேவைகள் பலவும் நெட்வொர்க்குக்குள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, அவசரச் சிகிச்சை வெளி மருத்துவமனையில் நடந்தாலும் நெட்வொர்க் கணக்கிலேயே நோயாளியிடம் வசூலிக்க வேண்டும். ஹெலிகாப்டர் ஆம்புலன்சும் இதில் அடங்கும். சாலையில் ஓடும் ஆம்புலன்ஸ் அடங்காது என்பது விசித்திரம்.

நிறுவனம் மறுத்துவிட்டால் அதுவே முடிவு அல்ல. மறுப்புக் கடிதம் வந்த 180 நாட்களுக்குள் நிறுவனத்திடமே மேல்முறையீடு செய்யலாம். மருத்துவரின் விளக்கக் கடிதத்தையும் பரிசோதனை முடிவுகளையும் இணைப்பது நல்லது. அங்கும் மறுக்கப்பட்டால், மருத்துவத் தேவை பற்றிய வழக்குகளில், நிறுவனத்தைச் சாராத வெளி ஆய்வாளரிடம் செல்லலாம். அவரது முடிவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்தான அவசர நிலையில் மேல்முறையீட்டுக்கு 72 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும். மறுக்கப்பட்டவர்களில் மிகச் சிலரே இவ்வழியைப் பயன்படுத்துகின்றனர்.