பழைய பிக்கப் வாகனத்தில் ஏ.சி. கசிவு

பேச்சு வழக்கில் 'கேஸ்' எனப்படும் குளிர்பதனப் பொருள், பெட்ரோலைப் போல ஓட ஓடச் செலவாவது அன்று. மூடிய குழாய்களுக்குள் நீர்மமாகவும் வாயுவாகவும் மாறி மாறி அது சுற்றி வருகிறது. ரப்பர் குழாய்களின் வழியே பல ஆண்டுகளில் சிறிதளவு வெளியேறுவது இயல்பே. ஆனால் ஒரே கோடையில் குளிர்ச்சி குறைந்து, கேஸ் போதவில்லை என்று தெரிந்தால், எங்கோ கசிவு உள்ளது என்பதே பொருள். அதைக் கண்டுபிடிக்காமல் மீண்டும் கேஸ் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதற்கு ஒப்பாகும்.

அமெரிக்காவின் ஃபோர்டு எஃப்-150 பிக்கப் வாகனத்தின் 1990களின் மாடல்களை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இவற்றின் ஏ.சி. குழாய்களில் பல இணைப்புகளுக்கு மரை கிடையாது. வட்டமான சுருள்வில் ஒன்று அவற்றைப் பூட்டி வைக்கிறது. உள்ளே இருக்கும் ஓ-ரிங்குகள் வெப்பத்தாலும் அதிர்வாலும் நாளடைவில் இறுகிவிடும். முதலில் ஐயப்பட வேண்டிய இடம் இதுவே. அடுத்து கம்ப்ரசரின் தண்டு சீல், கேஸ் நிரப்பும் வால்வு, கல் அடிபடும் கண்டன்சர்.

சோதனையைக் கண்ணால் தொடங்கலாம். கேஸுடன் கம்ப்ரசர் எண்ணெயும் கலந்து ஓடுவதால், கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் தென்படும். அங்கே சோப்பு நுரை பூசினால் பெரிய கசிவு குமிழியிடும். சிறிய கசிவுக்குப் புற ஊதா ஒளியில் மிளிரும் சாயமோ, மின்னணுக் கருவியோ தேவை. ஆர்-134ஏ வாயு காற்றைவிடக் கனமானது; ஆகவே கருவியின் முனையை இணைப்பின் அடிப்பக்கத்தில் பிடிக்க வேண்டும். எவாப்பரேட்டர் பெட்டிக்குள் மறைந்திருப்பதால், நீர் வடியும் குழாய் வாயில் சோதிப்பார்கள்.

அழுத்தமானி மாணவர்களையும் மெக்கானிக்குகளையும் ஒருங்கே ஏமாற்றக்கூடியது. எஞ்சின் நின்றிருக்கும்போது உள்ளே சிறிதளவு நீர்மம் இருந்தாலும் போதும். அழுத்தத்தை வெப்பநிலையே தீர்மானிக்கும். 30 பாகை செல்சியசில் ஆர்-134ஏ நிறைந்திருந்தாலும் பாதியாக இருந்தாலும் ஏறத்தாழ 97 பி.எஸ்.ஐ. தான் காட்டும்.

பழுது நீக்கும் முன் மீதமுள்ள கேஸை மீட்பு இயந்திரத்தில் சேகரிக்க வேண்டும். காற்றில் திறந்துவிடுவது அமெரிக்காவில் சட்டப்படி குற்றம். பின்னர் புதிய ஓ-ரிங்குகளுக்கு எண்ணெய் தடவிப் பொருத்தி, ஈரம் உறிஞ்சும் அக்குமுலேட்டரையும் மாற்றுவது நல்லது. அதன் பிறகு வெற்றிடப் பம்பு கொண்டு காற்றையும் ஈரத்தையும் நீக்குவர். வெற்றிடம் குறையாமல் நின்றால் கசிவு இல்லை என்று பலர் முடிவு செய்கிறார்கள். அது முழுச் சான்றாகாது. வெளிக்காற்று ஓ-ரிங்கை உள்நோக்கி அழுத்திக் கசிவை மறைத்துவிடலாம். உலர் நைட்ரஜன் ஏற்றிச் சோதிப்பதே நம்பகமானது. ஆர்-134ஏ எஞ்சியுள்ள குழாயில் காற்றையோ ஆக்சிஜனையோ அழுத்தத்தில் ஏற்றக் கூடாது. கலவை தீப்பற்றக் கூடும்.

1990களின் தொடக்கத்து வண்டிகளில் ஆர்-12 இருந்தது. ஓசோன் படலத்தைச் சிதைப்பதால் அமெரிக்காவில் அதன் உற்பத்தி 1995 இறுதியில் நின்றது. அத்தகைய வண்டியை ஆர்-134ஏ-க்கு மாற்றும்போது எண்ணெயும் மாற வேண்டும். ஆர்-12க்குரிய கனிம எண்ணெய் புதிய வாயுவுடன் கலக்காது. கேஸின் அளவும் பழைய அளவைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்க வேண்டும். அதை மானியைப் பார்த்து அன்று, தராசில் எடை பார்த்தே நிரப்ப வேண்டும்.