வீடு அவருடையது, குடித்தனம் யாருடையது?

ஹப்சிகுடாவில் வாடகை வீட்டு வாசலில் தொங்கும் 'டு லெட்' பலகையில் முன்பெல்லாம் இரண்டே விஷயங்கள்தாம் இருக்கும். 'அத்தெகு இவ்வபடுனு' என்று ஒரு தெலுங்கு வரி. அதன் கீழே ஒரு டெலிபோன் நம்பர். எத்தனை அறை, தண்ணீர் எந்த நேரத்தில் வரும், வீட்டுக்காரர் மாடியிலேயே குடியிருக்கிறாரா என்பதெல்லாம் கதவைத் தட்டிக் கேட்டால்தான் தெரியும். கதவைத் திறப்பதும், திறக்காமல் ஜன்னல் வழியே பதில் சொல்லி அனுப்புவதும் உள்ளே இருப்பவர் இஷ்டம்.

பலகை இன்னும் தொங்குகிறது. ஆனால் அது வாசலுக்கு வருமுன்பே வீடு இணையத்துக்குப் போய்விடுகிறது. காலி செய்யப் போவதாகக் குடியிருப்பவர் சொன்ன வாரத்திலேயே, வீட்டுக்காரரோ அவர் அனுப்பிய தரகரோ கைபேசியும் கையுமாக வந்து நிற்கிறார். இரண்டே நிமிஷம், நாலு போட்டோ என்கிறார். ஹால், படுக்கை அறை, சமையலறை, பால்கனி. சொன்னபடி இரண்டு நிமிஷம்தான். சாயங்காலத்துக்குள் அந்த நாலு படமும் எந்த ஊரில் இருப்பவரும் பார்க்கக்கூடிய இடத்தில் ஏறிவிடும்.

99ஏக்கர்ஸ் 2005இலும், மேஜிக்பிரிக்ஸ் 2006இலும், நோபுரோக்கர் 2014இலும் வந்த பிறகு வீடு தேடும் முறையே மாறிவிட்டது. இதில் சௌகரியம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை வெயிலில் தார்னாகாவிலிருந்து உப்பல் வரை தெருத்தெருவாக அலைந்தவர்களுக்கும், பத்மராவ் நகர் ஸ்கந்தகிரி கோயிலில் நாலு பேரிடம் சொல்லி வைத்துவிட்டுக் காத்திருந்தவர்களுக்கும் அதன் அருமை தெரியும். கேள்வி வேறு. படத்தில் இருப்பது வீட்டுக்காரரின் சுவரும் தரையும் மட்டும்தானா?

பீரோ எங்கே, பின்கதவு எங்கே

சுவாமி அலமாரி இருக்கிறது. பீரோ நிற்கும் மூலை தெரிகிறது. பின்கதவின் தாழ்ப்பாள், கம்பி போடாத ஜன்னல், சுவரில் மாட்டிய கல்யாணப் போட்டோ, மேஜை மேல் பெண்ணின் பள்ளிக்கூட அடையாள அட்டை, பிரிட்ஜ் மேல் மருந்துச் சீட்டு, கொடியில் காயும் துணி. காலண்டரில் ஊருக்குப் போகும் தேதியைச் சுற்றி வட்டம் போட்டிருந்தால் அதுவும். 'இன்ன தேதியிலிருந்து காலி' என்று விளம்பரமே வேறு சொல்லிவிடுகிறது!

முகவரி போடவில்லையே என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். நிஜாம் காலத்து ஹப்சி வீரர்களை நினைவூட்டும் பெயர் கொண்ட இந்தப் பேட்டையில் தெருக்கள் நம்பரால் அறியப்படுபவை. எட்டாம் நம்பர் தெரு, இரண்டாவது மாடி, மெட்ரோ ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரம் என்று மூன்று வார்த்தை போட்டு, பால்கனிப் படத்தையும் சேர்த்துவிட்டால் கதவு நம்பர் எதற்கு?

ஏறிய படம் இறங்குவதும் எளிதல்ல. வீடு வாடகைக்குப் போனதும் விளம்பரத்தை முடித்துவிடுகிறார்கள். ஆனால் முடிப்பது வேறு, அழிப்பது வேறு. தேடுபவர் கண்ணில் படாமல் போனாலும், பழைய பக்கம் தன் சுட்டியோடு அப்படியே கிடக்கலாம். முதல் தரகரிடமிருந்து இரண்டாவது தரகர் படங்களை எடுத்து வேறு தளத்தில் போடுகிறார். அடுத்த முறை வீடு காலியாகும்போது புதிதாகப் படம் எடுக்கச் சோம்பல்பட்டு, பழையதையே மறுபடி ஏற்றுகிறார்கள். குடும்பம் மாற்றலாகி வேறு ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் அவர்கள் சுவாமி அலமாரி ஹப்சிகுடாவில் வாடகைக்கு நிற்கிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இப்படிக் கிடக்கும் படங்களை எடுத்து, ராணுவத்தில் வேலை, திடீரென்று மாற்றலாகிவிட்டது, பாதி வாடகைக்கு வீடு தருகிறேன் என்று விளம்பரம் கொடுத்து அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு மறைகிற மோசடி, நாட்டின் பல நகரங்களில் போலீசார் எச்சரித்துச் சலித்த ஒன்று. பணம் இழப்பவர் யாரோ ஒருவர். ஆனால் கையில் படத்தை வைத்துக்கொண்டு அவர் வந்து தட்டப்போவது படத்தில் இருக்கும் வீட்டுக் கதவைத்தான். பணம் கட்டி ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்ல வேண்டும். தன் வீட்டுப் படம் இப்படிப் பயன்படுவதைக் கண்டவரும் போலீசில் எழுதிக் கொடுத்து வைப்பது நல்லது.

ஹைதராபாத் கொடுத்த ஒரு வழக்கு

"என் வீடு, நான் படம் எடுக்கிறேன், உங்களுக்கென்ன?" என்று கேட்கும் வீட்டுக்காரருக்கு ஹைதராபாத்திலிருந்தே போன ஒரு வழக்கு ஓரளவு பதில் சொல்கிறது. முத்திரைச் சட்டத்தின் 73ஆவது பிரிவை அன்றைய ஆந்திரப் பிரதேசம் திருத்தியிருந்தது. கலெக்டர் அதிகாரம் கொடுத்த எவரும் பாங்கி போன்ற இடங்களுக்குள் போய், அங்கே வாடிக்கையாளர் வைத்திருக்கும் பத்திரங்களைப் பார்க்கலாம், நகல் எடுக்கலாம் என்பது திருத்தம். ஹைதராபாத் மாவட்டப் பதிவாளருக்கும் கனரா பாங்கிக்கும் நடந்த அந்த வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லாது என்றது. அந்தரங்கம் என்பது மனிதரைச் சேர்ந்ததே தவிர இடத்தைச் சேர்ந்ததல்ல. காகிதம் பாங்கியில் இருப்பதாலேயே அதன் மேல் வாடிக்கையாளருக்கு உள்ள அந்தரங்க உரிமை போய்விடாது என்பது தீர்ப்பின் சாரம்.

அது அரசாங்கத்தின் கையைக் கட்டிய தீர்ப்பு. தனி வீட்டுக்காரர் மேல் அப்படியே பாயாது. ஆனால் நியாயம் ஒன்றுதான். இடம் ஒருவருடையது என்பதால் அதற்குள் இருக்கும் வாழ்க்கையும் அவருடையதாகிவிடாது.

தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்த 'நக்கீரன்' வழக்கில், 1994இல், உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போயிற்று. ஒருவரின் குடும்பம், திருமணம், குழந்தைகள், கல்வி போன்றவற்றைப் பற்றிச் சம்மதமின்றிப் பிரசுரிக்க யாருக்கும் உரிமை இல்லை, பொதுப் பதிவேட்டில் உள்ளவை விலக்கு என்று கூறியது. 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றே அறிவித்துவிட்டது.

2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன்னைப் பற்றிய தரவை அழிக்கக் கேட்கும் உரிமையைத் தருகிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. நிறுவனங்களின் முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுக்கப்பட்டது. இதிலும் ஒரு சிக்கல் பாக்கி. காலி அறையின் படம் தனிநபர் தரவு என்று வாதாடுவது கடினம். முகமோ பெயரோ இன்னார் வீடு என்று காட்டும் அடையாளமோ இருந்தால் வாதம் பலப்படும். தானே விரும்பிப் பகிரங்கமாகப் போட்டதற்கு இந்தச் சட்டம் துணை வராது.

இறக்குவது எப்படி

சட்டத்துக்கு முன்பாக வேறொரு வழி இருக்கிறது. அதுதான் பெரும்பாலும் பலிக்கும். மாத வாடகையை நம்பி இருக்கும் ஓய்வு பெற்ற வீட்டுக்காரருக்கு ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடந்தால் நஷ்டம்தான். அவர் அவசரம் நியாயமானது. அவரிடம் உரிமை பேசுவதைவிட, "சாமான் நிறைந்த வீடு படத்தில் சின்னதாகத் தெரியும், வெள்ளையடித்துக் காலியாக எடுத்தால் இன்னும் ஆயிரம் ரூபாய் கூடக் கேட்கலாம்" என்று சொல்லிப் பார்க்கலாம். பொய்யும் அல்ல. அவரால் காத்திருக்க முடியாதென்றால், எடுக்கும் நாளைக் குடியிருப்பவர் குறிக்கட்டும். போட்டோக்களையும் காகிதங்களையும் முன்பே எடுத்து வைத்துவிட்டு, படங்களைப் பார்த்த பிறகுதான் ஏற்றுவது என்று ஒப்புக்கொள்ளட்டும். வாட்ஸ்ஆப்பில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டால் போதும்.

ஏற்கெனவே ஏறிவிட்டால் முதல் வேலை, அந்தப் பக்கத்தின் சுட்டியைக் குறித்துக்கொண்டு, தேதியோடு திரைப்படம் பிடித்து வைப்பது. (சினிமா அல்ல, திரையில் தெரிவதைக் கைபேசியிலேயே படமாகச் சேமிப்பது.) பிறகு ஏற்றியவருக்கு எழுத்தில் கேட்க வேண்டும். தானே ஏற்றியவராக இருந்தால் விளம்பரத்தை மூடுவதற்கு முன்பு படங்களை ஒவ்வொன்றாக அழித்துவிடுவது நல்லது. மூடிய பிறகு உள்ளே போக வழியில்லாமல் திண்டாட நேரலாம். தரகர் போனை எடுக்கவில்லையா? தளத்தின் அடியில் சிறிய எழுத்தில் குறைதீர்ப்பு அதிகாரியின் பெயர் இருக்கும். 2021ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, பிறர் ஏற்றுவதைத் தாங்கி நிற்கும் தளங்கள் அப்படி ஓர் அதிகாரியை வைத்தே ஆக வேண்டும். கடிதம் சுருக்கமாக இருக்கட்டும்: எந்தப் பக்கம், எந்தப் படம், அதில் யார் அல்லது எது தெரிகிறது, சம்மதம் கொடுக்கவில்லை, நீக்குங்கள்.

தளத்தில் போன பிறகும் கூகுள் தேடலில் படத்தின் நிழல் சில காலம் நிற்கும். நீக்கப்பட்ட பக்கங்களை அகற்றக் கேட்பதற்கென்றே கூகுள் ஒரு படிவம் வைத்திருக்கிறது. சுட்டியை அதில் கொடுத்தால் போதும்.

உள்ளே இப்படியென்றால், வெளியே? கூகுளின் தெருக்காட்சி 2011இல் பெங்களூரில் தொடங்கிப் போலீஸ் ஆட்சேபத்தால் நின்றது. 2022 ஜூலையில் ஹைதராபாத், சென்னை உள்ளிட்ட பத்து நகரங்களோடு மறுபடி வந்தது. தன் வீட்டு முகப்பை மங்கலாக்கும்படி அதிலேயே கேட்கலாம். ஒரு முறை மங்கலாக்கினால் திரும்பத் தெளிவாக்க மாட்டார்கள். ஜெர்மனியில் 2010இல் 20 நகரங்களில் சுமார் 2,44,000 குடும்பங்கள் இப்படிக் கேட்டன. மொத்த வீடுகளில் அது நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. எஸன் நகரில் மங்கலான சில வீடுகளின் மேல் கூகுள் அபிமானிகள் முட்டை எறிந்தார்கள்! தெருவைப் பார்த்த சுவர் ஊருக்குப் பொதுவா என்ற சண்டை அங்கே இன்னும் ஓயவில்லை. ஹப்சிகுடாவில் இப்போதைக்குச் சமையலறை அளவில்தான் சண்டை.

சாவி கொடுக்கும் நாளில் வழக்கமாகச் செய்ய வேண்டியவை எல்லோருக்கும் மனப்பாடம்: மின்சார மீட்டர் ரீடிங், காஸ் மாற்றல், அட்வான்ஸில் வெள்ளையடிக்கப் பிடித்ததுபோக மீதி. அட்வான்ஸ் எண்ணி முடித்து, லாரி கிளம்புமுன், வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கும்போதே கைபேசியில் பழைய தெருவின் பெயரைப் போட்டு ஒரு தடவை தேடிப் பார்த்துவிடலாம். படம் இருந்தால் அவர் கையாலேயே அங்கேயே அழிக்கச் சொல்லலாம். லாரி உப்பல் தாண்டிய பிறகு அவர் போனை எடுப்பாரா என்பது சந்தேகம்.