அசையாப் படமும் அசையும் திரையும்

அமெரிக்க ஊர்கள் பலவற்றில் கேபிள் தொலைக்காட்சியின் ஓர் அலைவரிசை பொதுமக்களுக்கென ஒதுக்கப்பெற்றுள்ளது. அவ்வாறு ஒதுக்குமாறு கேபிள் நிறுவனத்தைக் கேட்கும் உரிமையை 1984ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளூராட்சிகளுக்கு உறுதி செய்தது. ஊர் அறிவிப்புகளைப் படவில்லைகளாக அமைத்து, காணொளியாக்கி, அதில் ஒளிபரப்புவர். 2010ஆம் ஆண்டுப் பவர்பாயிண்ட் முதலாக அம்மென்பொருளே இம்மாற்றத்தைச் செய்து தருகிறது. மாற்றுவது எளிது, படிக்கச் செய்வதே அரிது.

ஏன்? மண்டபத்தில் பேசுவோர், அவையின் முகக்குறிப்பறிந்து அடுத்த படத்திற்குச் செல்வார். காணொளியிலோ காலம் முன்னரே வரையறுக்கப்படுகிறது. மென்பொருள் தானாக அளிப்பது படமொன்றுக்கு 5 விநாடி. தடுப்பூசி முகாமின் நாளும் இடமும் நேரமும் அதற்குள் ஒரு முதியவரின் மனத்தில் பதியுமா? ஆதலின், ஒவ்வொரு படத்தையும் வாய்விட்டு இருமுறை படித்து, அக்காலத்தையே அளவாகக் கொள்ளல் நன்று.

இனி, விளிம்பு. பழைய தொலைக்காட்சிப் பெட்டிகள் படத்தின் ஓரங்களை மறைத்துவிடும். அதனால், அகலத்திலும் உயரத்திலும் நடுவிலுள்ள 80 விழுக்காட்டிற்குள் எழுத்துகளை அடக்குதல் மரபாயிற்று. அப்பெட்டிகளில் மெல்லிய கோடுகள் நடுங்கும்; தடித்த எழுத்தே தகும்.

வீட்டிலிருப்பவர், ‘முந்தைய படத்தை மீண்டும் காட்டுங்கள்’ என்று கேட்க இயலாதன்றோ? அவர் கேட்கக்கூடியதை முன்னரே எண்ணிப் பார்த்தல் நம் கடன்.