திரைக்குப் பின்னால் ஒரு நிலநடுக்கம்

சினிமாத் திரை முழுக்க ஓட்டை. கிட்டே போய்ப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் தெரியும், துணி பரப்பு முழுவதும் பொடிப்பொடியாகத் துளைகள். நாயகன் பேசுவது நாயகன் வாயிலிருந்தே வருவதுபோல் கேட்க வேண்டுமானால் ஒலிபெருக்கிகள் திரைக்குப் பின்னால்தான் இருந்தாக வேண்டும். துளை இல்லாவிட்டால் குரல் திரையிலேயே மங்கிப்போகும். அந்தத் துளைகளுக்குப் பின்னால், பெரும்பாலும் தரையை ஒட்டி, கனத்த மரப்பெட்டிகள் சில நிற்கும். குடும்பக் கதை ஓடும்போது அவற்றுக்கு அநேகமாக வேலை இல்லை. கட்டடம் சரிய வேண்டும், கடல் எழ வேண்டும், விண்கல் விழ வேண்டும். அப்போதுதான் வாய் திறக்கும். பெயர் சப்-ஊஃபர். பேரழிவுப் படத்துக்கு நாம் கொடுக்கும் டிக்கெட் காசில் பாதி இந்தப் பெட்டிக்குத்தான் என்பது என் கட்சி.

சென்னைக் குரோம்பேட்டைக்காரர்களுக்கு அதிர்வு புதிதில்லை. ஒரு பக்கம் மின்சார ரயில், இன்னொரு பக்கம் ஜி.எஸ்.டி. சாலை லாரிகள், கூப்பிடு தூரத்தில் மீனம்பாக்கத்து விமானங்கள். இருந்தும் அதே ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கும் வெற்றி திரையரங்கில் உலகம் அழியும் படம் வந்தால் தாம்பரம், பல்லாவரம், பம்மல் என்று நாலா பக்கத்திலிருந்தும் வண்டி வந்து நிற்கிறது. காசு கொடுத்து அதிர வருகிறார்கள். ஏன் என்று கேட்பதற்கு முன்னால், எப்படி என்று பார்த்துவிடலாம்.

மனிதக் காது சுமார் 20 ஹெர்ட்ஸில் தொடங்கி 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர். கணக்குப் போட்டால் 20 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 17 மீட்டர் நீளம். நம் பக்கத்து ஒரு கிரவுண்டு மனையின் நீளவாட்டுக்கு நெருங்கி வருகிறது. ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை இரண்டு காதுகளுக்கும் வந்து சேரும் சிறு வித்தியாசத்தை வைத்தே மூளை கண்டுபிடிக்கிறது. ஒரு சாண் தள்ளியிருக்கும் இரண்டு காதுகள் 17 மீட்டர் அலையில் என்ன வித்தியாசத்தைக் காணும்? அதனால்தான் கடலலை திரையில் எழும்போது உறுமல் திரையிலிருந்து வருவதாகத் தோன்றுவதில்லை. நாற்காலியிலிருந்து வருகிறது, தரையிலிருந்து வருகிறது, நெஞ்சுக்குள்ளிருந்தே வருகிறது. இந்தத் தாழ்ந்த அதிர்வெண்களில் காது மந்தம். தோலும் மார்புக்கூடும் அந்த வேலையில் பாதியைப் பங்குபோட்டுக்கொள்கின்றன.

இப்படி ஓர் ஒலியை உண்டாக்குவது எளிதல்ல. அதிர்வெண்ணைப் பாதியாக்கினால், அதே உரப்புக்கு நாலு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். அதனால்தான் தியேட்டர் சப்-ஊஃபரின் கூம்பு பெரும்பாலும் 18 அங்குல அகலம் இருக்கும். கண்ணால் பார்க்கும்படி முன்னும் பின்னும் ஆடும். '5.1 ஒலி' என்கிறோமே, அதில் 5 என்பது ஐந்து முழுத் தடங்கள். அந்தப் புள்ளி ஒன்றுதான் நம் பெட்டிக்கு உரியது. 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் பேசுவதால் முழுத்தடம் என்ற மரியாதை கிடைக்கவில்லை. ஆனால் மற்றத் தடங்களைவிட 10 டெசிபல் கூடுதலாகக் கத்த அதற்கு அனுமதி உண்டு.

பேரழிவையும் தாழ்ந்த ஒலியையும் முதன்முதலில் வெளிப்படையாகக் கல்யாணம் செய்துவைத்தது 1974இல் வந்த 'எர்த்க்வேக்'. லாஸ் ஏஞ்சலஸ் நகரம் நிலநடுக்கத்தில் இடியும் கதை. யுனிவர்சல் நிறுவனம் 'சென்சரவுண்ட்' என்ற பெயரில் பிரம்மாண்டமான தாழ்-ஒலிபெருக்கிகளைத் தியேட்டர்களுக்கு வாடகைக்கு விட்டது. அவற்றை வைக்க இடமில்லாமல் சில அரங்குகளில் இருக்கைகளையே கழற்ற வேண்டியிருந்தது. ஹாலிவுட்டின் சைனீஸ் தியேட்டரில் கூரைக் காரை உதிர்ந்து ரசிகர் தலையில் விழாதிருக்க வலை கட்டினார்கள். வலை பாதுகாப்புக்கா விளம்பரத்துக்கா என்று எனக்கு இன்றும் சந்தேகம். சென்சரவுண்ட் சில படங்களோடு ஓய்ந்தது. பக்கத்து அரங்கில் காதல் காட்சி பார்ப்பவருக்கும் நிலம் நடுங்கினால் எத்தனை நாள் தாங்கும்? ஆனால் அது கற்றுக்கொடுத்த பாடத்தைச் சினிமா விடவில்லை. டிஜிட்டல் ஒலி வந்ததும் அந்த உறுமல் எல்லா ஊருக்கும் வந்தது. தமிழில் 'குருதிப்புனல்' 1995இல் டால்பி ஸ்டீரியோவைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு 'கருப்பு ரோஜா' டி.டி.எஸ்.ஸோடு வந்தது. 2012இல் முப்பரிமாணமாக மறுபடி வந்த 'சிவாஜி'க்கு டால்பி அட்மாஸ்.

இந்த ஒலியில் என்ன மயக்கம்? சிறிய பொருள் வேகமாக அதிரும், பெரிய பொருள் மெதுவாக அதிரும். கொசு கீச்சிடுகிறது, யானை உறுமுகிறது, இடி அதைவிடத் தாழ்வாகப் பேசுகிறது. நம் உடம்பு இதை எழுத்தறிவுக்கு முன்பே படித்து வைத்திருக்கிறது. எனவே 30 ஹெர்ட்ஸில் ஏதோ நெஞ்சைத் தொட்டால், கண் பார்ப்பதற்கு முன்பே உடம்பு முடிவு கட்டிவிடுகிறது: வருவது பெரியது.

அதே 'பெரியது' என்ற எண்ணத்தைக் கண்ணுக்கு ஊட்டுவது இன்னும் கஷ்டம். தண்ணீர்தான் பரம விரோதி. பதினாறில் ஒரு பங்கு அளவில் ஊரைப் பொம்மையாகச் செய்து தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டால், அலை நிஜத்தைவிட நாலு மடங்கு சுருக்காக விழுந்துவிடும். புவியீர்ப்பு பொம்மைக்காக மாறுவதில்லையே. அதைச் சமாளிக்க நொடிக்கு 24 படத்துக்குப் பதில் 96 படம் எடுத்து மெதுவாக ஓட்டுவார்கள். விழும் வேகம் சரியாகிவிடும். துளி சரியாகாது. பரப்பு இழுவிசை துளிக்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. 5 மில்லிமீட்டர் துளி அந்தப் பொம்மை ஊரில் 8 சென்டிமீட்டர் உருண்டையாகத் தெரியும். பழைய படங்களில் வெள்ளம் வந்ததும் 'ஏதோ தொட்டியில் எடுத்திருக்கான்' என்று பெஞ்சு டிக்கெட்காரர் சொன்னாரே, அவர் கண்டுபிடித்தது இந்தத் துளியைத்தான்.

ஜேம்ஸ் கேமரூன் 'டைட்டானிக்' (1997) படத்துக்காக மெக்சிகோக் கடற்கரையில் சுமார் 6 கோடி லிட்டர் பிடிக்கும் தொட்டி கட்டி, கப்பலைக் கிட்டத்தட்ட நிஜ அளவிலேயே நிறுத்தினார். அந்த அளவில் துளி காட்டிக்கொடுக்காது. அவ்வளவு செலவிலும் கப்பலின் வலப்பக்கம்தான் முழுதாகக் கட்டப்பட்டது. இடப்பக்கம் தெரிய வேண்டிய துறைமுகக் காட்சிகளில் எழுத்துகளையெல்லாம் திருப்பி எழுதி, எடுத்த படத்தைக் கண்ணாடிபோல் புரட்டிவிட்டார்கள். பிறகு கணினி வந்தது. பாய்மங்களின் ஓட்டத்தைச் சொல்லும் நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடு பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சரக்கு. ஆனால் கணினியில் அவசரமாக ஓட்டினால் கணக்கு வெடித்துச் சிதறும். 1999இல் ஜோஸ் ஸ்டாம் அது சிதறாமல் ஓட ஒரு வழி சொன்னார். இன்று திரையில் நகரை விழுங்கும் அலை பெரும்பாலும் கணினிக்குள் கோடிக்கணக்கான துகள்களாகப் புரளும் கணக்கு. பெரிய பட்ஜெட் என்பதில் கணிசமான பங்கு இந்தத் துகள்களின் வாடகை.

சரி, பெரியதைப் பார்த்தால் ஏன் இனிக்கிறது? உளவியலார் இரண்டு பதில் வைத்திருக்கிறார்கள். பயத்தில் எகிறிய நாடித்துடிப்பு ஆபத்து போனதும் உடனே இறங்குவதில்லை. மிச்சம் இருக்கிற அந்தப் படபடப்பு, அடுத்து வரும் நிம்மதியின் மேல் ஏறிக்கொண்டு அதைப் பலமடங்காக்குகிறது என்பது டால்ஃப் சில்மான் 1970களில் சொன்னது. பால் ரோசின் என்பவர் மனிதர் ஏன் மிளகாயை விரும்பித் தின்கிறார்கள் என்று ஆராய்ந்தவர். உடம்பு 'ஆபத்து' என்று கூவுகிறது, மனத்துக்கோ ஆபத்தில்லை என்று தெரியும். உடம்பை ஏமாற்றிவிட்ட அந்தச் சின்னக் கர்வம்தான் சுகம் என்கிறார். மிளகாய் பஜ்ஜி தின்று கண்ணில் நீரோடு 'இன்னொரு பிளேட்' சொல்பவரைப் பார்த்தவர் மறுக்க மாட்டார்.

எனக்கு இவர்களைவிடத் தொல்காப்பியர் சொன்னது பொருத்தமாகப் படுகிறது. மெய்ப்பாடுகளைப் பிரிக்கும்போது, அச்சம் எவற்றால் பிறக்கும் என்று அவர் ஒரு கணக்குத் தருகிறார்: தெய்வம் போன்ற அணங்கு, கொடிய விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறைவன். வெள்ளமில்லை, நிலநடுக்கமில்லை. அளவிறந்த பெருமையை அவர் வைத்த இடம் வியப்பு, அதாவது மருட்கை. இழப்பும் வறுமையும் போன இடம் அழுகை. பேரழிவுப் படம் விற்பது அச்சத்தை என்று விளம்பரம் சொல்லும். அது விற்பது மருட்கையை.

நிஜம் எந்தக் கணக்கில் வரும் என்பது குரோம்பேட்டைப் பகுதிக்குத் தெரியும். 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய மழையில் தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. விமான நிலையம் டிசம்பர் 6 வரை மூடிக்கிடந்தது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு வந்துதான் ஆட்களை ஏற்றியது. அந்த வெள்ளத்தில் உறுமல் இல்லை. பல வீடுகளில் அது இரவில், சத்தமே போடாமல், கழிவறைக் குழி வழியாக ஏறியது. பெரிதாகக் காண எதுவுமில்லை, எல்லாம் சின்னச் சின்னது: ஊறிப்போன பள்ளிச் சான்றிதழ், மல்லாந்து மிதந்த ஃபிரிஜ், சார்ஜ் தீர்ந்த போன், பத்து நாள் போகாத சாக்கடை நாற்றம். எந்தப் படமும் அந்த நாற்றத்தைக் காட்டியதில்லை. காட்டினால் இடைவேளைக்கு முன்பே அரங்கு காலி. அதனால், வெள்ளத்தைக் கண்டவர்கள் வெள்ளப் படம் பார்க்கப் போகிறார்களே, மறந்துவிட்டார்களா என்று கேட்பது தவறான கேள்வி. அவர்கள் கண்டது வேறு பொருள்.

நிஜ வெள்ளத்துக்கு அர்த்தம் கிடையாது, படத்து வெள்ளத்துக்கு உண்டு. 2008இல் வந்த 'தசாவதாரம்' இதற்கு நல்ல சாட்சி. 2004 டிசம்பர் 26 சுனாமி நம் கடற்கரையில் ஆயிரக்கணக்கானோரைக் காரணமின்றிக் கொண்டுபோனது. நான்கே ஆண்டுகளில் கே.எஸ்.ரவிகுமாரும் கமல்ஹாசனும் அதற்கு ஒரு வேலை கொடுத்துவிட்டார்கள்: கிருமி ஆயுதம் உப்பால் செத்துப்போகும், உப்பைக் கடல் கொண்டுவரும். துக்கத்துக்கு இப்படி அர்த்தம் தரலாமா என்று அன்றே முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் காரணமில்லாத சாவுக்குக் காரணம் தேடுவது இந்த ஊரில் புதிதா? புகாரைக் கடல்கொண்டதற்கு மணிமேகலையே ஒரு காரணம் சொல்கிறது.

தமிழில் அசல் பேரழிவுப் படம் ஏன் இவ்வளவு குறைவு என்பதற்கும் பணப் பற்றாக்குறை மட்டும் விடையல்ல. இந்தியில் 'தி பர்னிங் டிரெயின்' 1980இலேயே வந்துவிட்டது. நம் வணிகப் படத்தில் திரையில் மிகப் பெரியது நாயகன். அவனைவிடப் பெரியதாக ஓர் அலையைக் காட்டக் கை வருவதில்லை. 2018இல் வந்த 'டிக் டிக் டிக்'கில் விண்கல்லே வந்தும் நாயகன் புறப்பட்டுப் போய்ப் பார்த்துக்கொள்கிறார். 'தசாவதார'த்தில் சுனாமிக்கு எதிரே நிற்க ஒரு கமல் போதாமல் பத்துக் கமல் தேவைப்பட்டதையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். ஜூட் ஆன்டனி ஜோசப்பின் மலையாளப் படம் '2018' (2023) இந்த முடிச்சை அவிழ்த்தது. தொட்டி கட்டி, அதற்குள் வீடுகளை நிறுத்தி, கேரள வெள்ளத்தை எடுத்தார்கள். நாயகன் ஒருவனல்ல, படகோடு வந்த மீனவர் உட்பட ஊரே. அது அதுவரை மலையாளத்தில் எந்தப் படமும் தொடாத வசூலைத் தொட்டது. ஆஸ்கருக்கு இந்தியாவின் அதிகாரபூர்வத் தேர்வாகவும் போனது. 2015இல் நம் தெருக்களுக்கும் மீனவர் படகுகள் வந்தன. எனக்குத் தெரிந்து அந்தப் படத்தை இன்னும் யாரும் எடுக்கவில்லை.

குரோம்பேட்டைக்கு இந்தப் பிரம்மாண்டத் தொழிலில் வேறொரு பங்கும் உண்டு. 1949இல் இங்கே தொடங்கிய எம்.ஐ.டி. கல்லூரியில் மின்னணுவியல் படித்த எழுத்தாளர் சுஜாதா, 1986இல் வந்த 'விக்ரம்' படத்துக்குக் கதை எழுதினார். அதில் திருடுபோகும் ஏவுகணையின் பெயர் அக்னிபுத்திரா. அதே கல்லூரியில் விமானவியல் படித்த அப்துல் கலாமின் தலைமையில் உருவான நிஜ அக்னி, 1989 மே மாதம்தான் பறந்தது.

கையில் போனும் வீட்டில் பெரிய டிவியும் இருக்க அரங்குக்கு எதற்கு என்பவருக்கு ஒரு கணக்கு. கைபேசியின் ஒலிபெருக்கி நகத்தளவு. அது தள்ளும் காற்றில் தாழ்ந்த ஒலிகள் ஏறக்குறைய முழுவதும் காணாமல் போய்விடும். மெல்லிய டிவியும் இதில் பெரிய கில்லாடி அல்ல. அலை தெரியும், அதன் எடை தெரியாது. அரங்குக்குப் போகிறவர் சீட்டை யோசித்து எடுக்கலாம். ஒலிக்கலவை செய்பவர் தம் அரங்கில் திரையிலிருந்து ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நடுவில் உட்கார்ந்துதான் எல்லாவற்றையும் அளந்து வைக்கிறார். வசனமும் உறுமலும் அவர் நினைத்த விகிதத்தில் வேண்டுமானால் அந்த இடம். சுவரை ஒட்டித் தாழ்ந்த ஒலி குவியும் என்பதால், வசனம் போனால் போகட்டும், நெஞ்செலும்பு அதிர்ந்தால் போதும் என்பவர் கடைசி வரிசைக்கே முன்பதிவு செய்யலாம்.