சாவியைக் கொடுக்குமுன்

பதினாறு வயது மகன் கியர் பைக் ஓட்டுவதைக் கண்டு பெருமிதம் கொள்கிறீர்களா? அதற்கு 18 வயது நிறைவடைய வேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி பெற்றோருக்கு 3 ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு; மகனுக்கோ 25 வயதுவரை உரிமம் கிடையாது.

சட்டத்தைவிடப் பெரியது உயிர். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் பாய்கிறது. குறுக்கே ஓடிவரும் குழந்தையைக் கண்டு பிரேக் பிடிக்குமுன்னே அத்தூரம் கடந்துவிடும். 2022-இல் நம் தேசத்துச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர்.

வயது வந்தபின் பழகுநர் உரிமம் பெற்று அவன் முறையாகக் கற்கட்டும். அதுவரை உங்கள் பின்னிருக்கையே அவனுக்குப் பள்ளிக்கூடம். ஆராதனைக்குத் தாமதமாயிற்று என்று சிவப்பு விளக்கைத் தாண்டாதிருங்கள், தலைக்கவசத்தை மறவாதிருங்கள். அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.